கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்

மலையில் கால் வழுக்கி விழுந்தவரைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடுகிறோம். குளவி கொட்டினால் தோட்டத்து லொறியை மறித்தாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். ஆனால் ஒருவர் வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் லயத்துக்குள் முடங்கிக் கிடந்தால் "காத்து கருப்பு பட்டிருக்கு" என்கிறோம். குடிதான் காரணம் என்கிறோம். "அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய கேஸ்" என்று சிரிக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. கும்பிட்ட கையோடு வைத்தியரிடமும் போங்கள் என்றே கேட்கிறோம்.

எங்கே போவது? கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, பதுளை போதனா வைத்தியசாலை, கண்டி தேசிய வைத்தியசாலை ஆகியவற்றில் மனநலப் பிரிவுகள் உள்ளன. அங்கே வைத்தியம் இலவசம். தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லக் கூச்சமாக இருந்தால், நேரே அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், "மனநல கிளினிக் எந்த நாள்?" என்று கேளுங்கள். பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தரைப் பற்றி விசாரிக்கலாம்.

யாரிடம் போகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மனநல வைத்திய நிபுணர் ஒரு டாக்டர், மாத்திரை எழுதுவார். உளவியலாளர் பேசிப் பேசிக் குணப்படுத்துபவர். மாத்திரை எழுத மாட்டார். டவுனில் போர்டு போட்டிருக்கும் எல்லோரும் படித்தவர்கள் அல்லர். காசு கட்டுவதற்கு முன், இலங்கை மருத்துவ சபையில் பதிவு உண்டா, பதிவு இலக்கம் என்ன என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. ஒரே நாளில் சுகப்படுத்துவதாகச் சொல்பவரிடமும், ஆஸ்பத்திரி மருந்தை உடனே நிறுத்தச் சொல்பவரிடமும் போகாதீர்கள்.

இனி நமது பெரிய குறை. கிளினிக்கில் தமிழில் பேச ஆள் இல்லாதபோது, சிங்களம் தெரிந்த பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் கூட்டிப் போகிறார்கள். காய்ச்சல், இருமல் என்றால் பிள்ளை சொல்லிவிடும். "சாக வேணும் போல இருக்கு" என்று ஒரு தாய் தன் மகளின் வாயால் எப்படிச் சொல்லுவாள்? வீட்டில் வாங்கிய அடியை எப்படிச் சொல்லுவாள்? சொல்லாமலே மாத்திரையோடு திரும்பி வருகிறாள். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. அது ஆஸ்பத்திரி மேசைக்கும் வந்து சேர வேண்டும்.

பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து, மருந்து குடித்தவரை வீட்டில் மறைத்து வைக்கவே கூடாது. தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இந்நாட்டில் குற்றமல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் உயிர் பிழைக்க வழி உண்டு. புல்லுக்கு அடிக்கும் மருந்தை வீட்டில் வைக்காதீர்கள்.

ராத்திரியில் மனம் தாங்காவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை. 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

தோட்ட நிர்வாகங்களிடமும் சுகாதார அதிகாரிகளிடமும் நாம் கேட்பவை மூன்று. ஒன்று, கிளினிக் துண்டைக் காட்டினால் அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறவர் மாதம் ஒரு பேரை இழந்தால், இரண்டாம் மாதமே மருந்தை விட்டுவிடுவார். இரண்டு, மலையகத்தின் ஒவ்வொரு மனநல கிளினிக்கிலும் தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். மூன்று, யார் எதற்குக் கிளினிக் போனார் என்பது பெரட்டுக்களத்தில் பேச்சாகக் கூடாது.

மூன்றாவது நமக்கும் பொருந்தும். தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும், கூட வரச் சொல்லிக் கேட்பவரோடு கிளினிக் வரை போய் வாருங்கள். அங்கே கேட்டதை லயத்தில் சொல்லாதீர்கள். சங்கம் என்பது சம்பளப் பேச்சுவார்த்தைக்கு மட்டும் உள்ளதல்ல. பக்கத்துக் காம்பிராவில் விளக்கு விடியவிடிய எரிந்தால், காலையில் போய்க் கதவைத் தட்டுவதும் சங்க வேலைதான்.