தாகத்தோடு பார்க்கும் வேலை



விழுப்புரம் மாவட்டம் கண்டாச்சிபுரம் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் களை எடுக்கப் போகும் பெண்கள் பலர், சாயங்காலம்வரை தண்ணீரை அதிகம் தொடுவதில்லை என்ற முடிவோடுதான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். வரப்பில் குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. குடித்தால் ஒதுங்க வேண்டுமே, மறைவு எங்கே இருக்கிறது? கூட வேலை பார்க்கும் ஆண் நாலு எட்டு நடந்து ஒரு பனைமரத்தை மறைவாக்கிக்கொள்வார். பெண் அடக்கிக்கொள்கிறாள். ராத்திரி நீர்க்கடுப்பு. "சூடு பிடிச்சுக்கிச்சு" என்று மோரில் வெந்தயம் போட்டுக் குடித்துவிட்டு மறுநாளும் அதே கொல்லைக்குப் போகிறாள்.

ஒருவருக்கு வேலை கிடைத்தால் கூலி எவ்வளவு என்று கேட்கிறோம். அந்த வேலை அவர் உடம்பை என்ன செய்யும், ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன என்று கேட்பதில்லை. இந்த மாதம் அதைத்தான் உங்களோடு பேச நினைக்கிறேன்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையில் ஒரு குழு, 2017 முதல் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரைத் தொடர்ந்து கவனித்தது. ஏறத்தாழப் பாதிப்பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று வெப்பத்தில் வேலை பார்த்தவர்கள். நமக்கு அடுத்த திருவண்ணாமலை மாவட்டப் பெண்களும் இதில் இருந்தார்கள். வெப்பத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு நேர்ந்ததாக 2024இல் முடிவுகள் வெளியாயின. இந்த ஆய்வை ஒட்டி மருத்துவர் ஜேன் ஹிர்ஸ்ட் சொன்ன ஒரு செய்தி என்னை உலுக்கிவிட்டது. எவ்வளவு வெப்பத்தில் வேலை பார்க்கலாம் என்று உலகம் வைத்திருக்கும் அளவு, 1960, 70களில் அமெரிக்க ராணுவத்து ஆண்களின் உடம்பைப் பார்த்து வகுத்ததாம். ஆறு மாதக் கர்ப்பத்தோடு குனிந்து களை எடுப்பவளை அந்த அளவுகோல் பார்த்ததே இல்லை. நிலம் வைத்திருக்கும் வாசகர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். கொல்லை ஓரம் நாலு கம்பு நட்டு ஒரு பழைய தார்ப்பாயைச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு நாள் ஆள்கூலிகூட ஆகாது.

கட்டட வேலைக்கு வருவோம். இந்தப் பக்கத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கணவன் மனைவியாகவே கிளம்புகிறவர்கள் உண்டு. பதினெட்டு வயதில் கலவை தூக்க ஆரம்பிக்கும் பையன் சில வருடங்களில் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொத்தனார் ஆகிறான். சாமர்த்தியம் இருந்தால் மேஸ்திரியும் ஆகிறான். அதே வயதில் அதே சட்டியைத் தலையில் ஏற்றிய பெண் நாற்பத்தைந்திலும் சித்தாள்தான். கரண்டியை அவள் கையில் யாரும் கொடுப்பதில்லை. கூலி குறைவு என்பது ஒரு பக்கம். கொத்தனார் நினைத்தால் வேலையை நிறுத்தி ஒரு டீ குடிக்கலாம். "கலவை எங்கம்மா?" என்று மேலிருந்து குரல் வந்தால் சித்தாள் ஓட வேண்டும். பிள்ளை பெற்ற சில மாதங்களிலேயே இப்படிச் சுமை தூக்கியவர்களில் சிலருக்குக் கர்ப்பப்பை நழுவி அடி இறங்கிவிடுகிறது. கணவனிடம்கூடச் சொல்ல வெட்கப்பட்டு வருடக்கணக்கில் அந்த வேதனையோடு சாரம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். இதை ஆற்றாமையோடுதான் எழுதுகிறேன்.

தன் வேலையின் வேகம் தன் கையில் இல்லாதவருக்கு உடம்பு சீக்கிரம் கெடும் என்பதை லண்டன் அரசு ஊழியர்களிடமே பார்த்திருக்கிறார்கள். ஒயிட்ஹால் ஆய்வுகள் அவை. 1967இல் தொடங்கிய முதல் ஆய்வில் ஆண்கள் மட்டும்தான். பதவி குறையக் குறைய இதய நோய்ச் சாவு கூடியது. 1985இல் மைக்கேல் மார்மட் குழு தொடங்கிய இரண்டாவது ஆய்வில் பெண்களையும் சேர்த்தார்கள். அதில் பிறகு தெரியவந்தது இது: வீட்டில் தன் கையில் எதுவும் இல்லை என்ற நிலை பெண்களின் இதயத்தைப் பாதித்தது, ஆண்களிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. இங்கிலாந்திலேயே இப்படியென்றால் நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்குப்படி, கூலியில்லாமல் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்களே 88 நிமிடம்தான். சித்தாள் வேலை முடிந்து வருகிறவளுக்கு இரண்டாவது வேலை அடுப்படியில் காத்திருக்கிறது.

ஆண்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. கல் உடைக்கும் இடங்களில் பறக்கும் தூசு நுரையீரலில் படிந்து வருகிற சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்தில்லை. பல நேரம் அதைக் காசநோய் என்று நினைத்தே மாத்திரை தின்கிறார்கள். உடம்பு வலிக்கு ஆண்களுக்கு ஊர் காட்டும் வழி சாராயம். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் விஷச் சாராயம் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலோர் தினக்கூலிகள். வலியை வெளியே சொல்லக் கூடாது என்று ஆணுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அதுவும் அவர்களைக் கொல்கிறது.

நம்முடையதும் கரும்பு விளைகிற மாவட்டம் என்பதால் மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் வெளியே வந்தது. மாதவிலக்கு நாளில் வராவிட்டால் அபராதம், கூலி வெட்டு என்ற பயம்தான் பலரை அந்த முடிவுக்குத் தள்ளியது.

இதெல்லாம் தலையெழுத்தில்லை. ஸ்வீடன் 1974இலேயே பிள்ளை வளர்ப்பு விடுப்பைத் தந்தைக்கும் சேர்த்துக் கொடுத்தது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் நரம்பு சுருண்டுபோன பெண்கள் கேரளத்தில் போராடி 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாகப் பெற்றார்கள். தமிழ்நாடு 2021இல் அதேபோன்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. துணி எடுக்கப் போகும்போது விற்கிற பெண்ணுக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் காதில் விழும்.

நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரி 2இல் தொடங்கியபோது முதல் 200 மாவட்டங்களில் விழுப்புரமும் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதையும், வேலையிடத்தில் நிழலும் குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் வேண்டும் என்பதையும் ஏரிக்கரையில் வைத்தே நம் பெண்கள் தெரிந்துகொண்டார்கள். ஏரிக்கரையில் கேட்க முடிந்ததைக் கட்டடத்திலும் கடையிலும் கேட்கலாம்.

கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பு பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்து வீடுகளே கட்ட வைத்திருக்கிறது. கண்டாச்சிபுரம், திருக்கோவிலூர், திண்டிவனம் பக்கம் கரண்டி பிடிக்கும் பெண் யாராவது உங்களுக்குத் தெரியுமா? ஒரு அஞ்சலட்டை போடுங்கள். யாரிடம் கற்றார், முதல் சுவரை எங்கே எழுப்பினார், கூலி சமமாகக் கிடைக்கிறதா, இதையெல்லாம் அவர் சொல்ல அப்படியே அச்சிட விரும்புகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்