லப்டொப்புக்கு அன்டி வைரஸ் வாங்கத்தான் வேணுமா?

புது லப்டொப் எடுக்கப் போனால், பில் போடும் நேரத்தில் கடைக்காரர் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: "அன்டி வைரஸ் ஒண்டும் போடேல்லையோ?" கடன்பட்டு லப்டொப் வாங்கிக் கொடுக்கிற அம்மா அப்பாவுக்கு அந்த நேரத்தில் மறுக்க மனம் வராது. பிள்ளையின்ட படிப்புச் சாமான், பாதுகாப்பாய் இருக்கட்டும் எண்டு அந்தக் காசையும் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள்.

எங்களில் பெரும்பாலானோருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பதுதான் என் கருத்து. அன்டி வைரஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்கனவே ஒன்று உள்ளே இருக்கிறது. 2012இல் வந்த வின்டோஸ் 8 முதல் டிஃபென்டர் என்ற முழுமையான அன்டி வைரஸ் வின்டோஸோடு சேர்ந்தே வருகிறது. வேறொன்றை நிறுவினால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இருக்கிற காவலாளியை அனுப்பிவிட்டு இன்னொருவரை வைப்பதுதான்.

"சும்மா வாறது என்னத்துக்கு உதவும்?" என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் அது நியாயமான கேள்வி. 2012, 2013 அளவில் மைக்ரோசொப்டின் இலவச அன்டி வைரஸ் பரிசோதனைகளில் பின்வரிசையில்தான் நின்றது. அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வுகூடம் நடத்தும் பரிசோதனைகளில் டிஃபென்டர் சில வருடங்களாகவே காசு கொடுத்து வாங்குபவற்றோடு சமமாய் நிற்கிறது.

அன்டி வைரஸ் கம்பனி என்றாலே நம்பலாம் என்றும் இல்லை. அவாஸ்ட் கம்பனி தன் பாவனையாளர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷொட் என்ற தன் துணைக் கம்பனி மூலம் விற்றது. அதற்காக 2024 பெப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 1 கோடி 65 லட்சம் டொலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக் கதையை வெளியில் விற்ற மாதிரி.

சரி, டிஃபென்டர் இவ்வளவு நல்லதென்றால் எங்களைச் சுற்றி இத்தனை லப்டொப்புகளில் ஏன் வைரஸ்? அதை நாங்களே நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் முதல் காரணம். கிரக் பண்ணின சொப்ட்வெயார் ஒன்றையோ வின்டோஸ் அக்டிவேட்டர் ஒன்றையோ டவுன்லோட் பண்ணினால், கூட வரும் குறிப்பின் முதல் வரி என்ன? "அன்டி வைரஸை ஓஃப் பண்ணவும்." பிறகு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியும் கேட்கும். பூட்டைக் கழற்றி, சாவியையும் கையில் கொடுத்தாயிற்று. இதற்குப் பிறகு எவ்வளவு விலையான அன்டி வைரஸும் என்ன செய்யும்? கோப்புகளையெல்லாம் பூட்டி, பெயருக்குப் பின்னால் விளங்காத எழுத்துகளை ஒட்டி, காசு கேட்கும் ரான்சம்வெயார் பலரிடம் வந்து சேர்ந்தது இந்த வழியால்தான். இன்னொரு வகை சத்தமே போடாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களை அள்ளிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது, அப்டேட். டேட்டா போகும் எண்டு அதை நிறுத்தி வைத்திருப்பவர்கள் ஏராளம். 2017 மே மாதம் வன்னாகிரை உலகம் முழுக்கப் பரவி இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளைக்கூட முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. டேட்டாதான் பிரச்சினை என்றால், இரவு நேர டேட்டா உள்ள பக்கேஜில் படுக்கப் போகும் முன் அப்டேட்டைப் போட்டுவிடலாம். அக்டிவேட் பண்ணாத வின்டோஸுக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும் என்பது பலருக்குத் தெரியாது. உரிமம் வாங்குவதுதான் முறை. ஆனால் மூலையில் தெரியும் அந்த எழுத்தை மறைப்பதற்காக அக்டிவேட்டர் போடுவதைப் போல நட்டமான வியாபாரம் வேறில்லை.

மூன்றாவது, கொமினிகேஷன் கடைக்குப் போய் வந்த பென்ட்ரைவ். உள்ளே இருந்ததெல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருந்தால் பதறி ஃபோர்மட் பண்ணாதீர்கள். பெரும்பாலும் கோப்புகள் அழிவதில்லை, மறைக்கப்பட்டுத்தான் இருக்கும். அந்த ஷோர்ட்கட்டை அழுத்தாமல் டிஃபென்டரால் ஸ்கான் பண்ணுங்கள். அடுத்த முறை பிரின்ட் எடுக்க பிடிஎஃப்பாக மாற்றி மின்னஞ்சலில் அனுப்பினால் பென்ட்ரைவே தேவைப்படாது.

இவ்வளவும் செய்தும் ஒருநாள் பிழைக்கலாம். அன்று கைகொடுப்பது பெக்கப் மட்டும்தான். 2023 ஓகஸ்டில் எங்கட அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் ரான்சம்வெயாரில் சிக்கியது. சுமார் 5000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை இருந்தவை பறிபோயின. மின்னஞ்சல் சொப்ட்வெயார் பழைய பதிப்பு. அந்தக் காலத்துக்கான, இணைப்பிலிருந்து விலக்கி வைத்த பெக்கப்பும் இல்லை. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், நாலு வருடப் படிப்பின் ஆய்வுக் கட்டுரையை ஒரே லப்டொப்பில் வைத்திருக்கும் கம்பஸ் பிள்ளையின் நிலை என்ன? கூகுள் ட்ரைவில் 15 ஜிபி இலவசம். எழுத்து வேலைக்கு அது தாராளம். படம், வீடியோ இருந்தால் அன்டி வைரஸுக்கு ஒதுக்கிய காசோடு கொஞ்சம் சேர்த்து ஒரு வெளி ஹாட்டிஸ்க் வாங்குங்கள். கொப்பி பண்ணினதும் கழற்றி வையுங்கள். செருகியபடியே விட்டால் ரான்சம்வெயார் அதையும் பூட்டும்.

காசு கொடுத்து வாங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். பலர் வந்து போகும் கடைக் கணினி, வாடிக்கையாளர் கணக்குகளை வைத்திருக்கும் சின்ன அலுவலகம் போன்றவற்றில் எல்லாக் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து கவனிக்கும் வசதிக்குக் காசு கொடுப்பது நியாயம்.

ஆனால் பழியை முழுக்கப் பிள்ளைகளின் தலையில் கட்டிவிட முடியாது. போட்டோஷொப்பில் செய்து வா, எஸ்பிஎஸ்எஸ்ஸில் பகுப்பாய்வு செய்து வா என்று அசைன்மென்ட் கொடுப்பவர்களுக்கு, வகுப்பில் ஒருவரும் அதை விலைக்கு வாங்கப் போவதில்லை என்பது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கொடுக்கிறார்கள். போட்டோஷொப்புக்குப் பதில் கிம்ப், எஸ்பிஎஸ்எஸ்ஸுக்குப் பதில் பிஎஸ்பிபி அல்லது ஜமோவி, எம்எஸ் ஒஃபிஸுக்குப் பதில் லிப்ரே ஒஃபிஸ் என்று இலவசமாகவும் சட்டப்படியும் கிடைப்பவை இருக்கின்றன. ஓட்டோகாட் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. இவற்றைக் கற்பிக்க ஒரு பாடவேளை போதும். அதைச் செய்யாமல் கிரக் பண்ணின கொப்பியைப் பென்ட்ரைவில் வகுப்பு முழுக்கச் சுற்றவிட்டால், வைரஸையும் பாடத்திட்டத்தில் சேர்த்தாயிற்று என்றுதான் அர்த்தம்.

2025 ஒக்டோபர் 14உடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்துவிட்டது. எங்களிடம் இருக்கும் செகண்ட் ஹாண்ட் லப்டொப்புகள் பலவற்றில் வின்டோஸ் 11 ஏறாது. இனி அவற்றில் எந்த அன்டி வைரஸ் போட்டாலும் ஓட்டைகள் அடைபடாமல்தான் இருக்கும். லினக்ஸ் போட்டால் அதே லப்டொப் இன்னும் சில வருடம் உழைக்கும், தமிழிலும் தட்டச்சிடலாம். போடத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை வாசிகசாலையில் கூடி, பத்து லப்டொப்புகளுக்குப் போட்டுக் கொடுத்தால் என்ன?