பூட்டியது நீங்கள், உடைப்பது நாங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்க நிர்வாகிகளுக்கும் அங்கே குடியிருப்போருக்கும்,

தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவனின் மனத்தாங்கல் இது. "வண்டி வந்து இவ்வளவு நேரமாச்சு, ஒரு கதவை உடைக்கத் தெரியலையா?" என்று எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்கிறீர்கள், செல்போனில் படம் பிடித்துக்கொண்டே. அந்த நேரத்தில் எங்களால் பதில் சொல்ல முடியாது. இப்போது சொல்கிறேன்.

ஒரு கதவா இருக்கிறது? வாசலில் முதலில் இரும்பு கிரில் கேட், உள்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டு. அதைத் தாண்டினால் தேக்குக் கதவு. மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒன்று, நடுவில் பூட்டு. பால்கனிப் பக்கம் வரலாம் என்றால் அங்கேயும் கம்பியை வெல்டிங் வைத்து அடைத்திருக்கிறீர்கள். திருட்டுப் பயம், புரிகிறது. ஆனால் புகைக்குள் இருமிக்கொண்டு சாவியைத் தேடித் தடவுவது உங்கள் வீட்டுப் பெரியவர்கள்தானே?

கதவை உடைப்பதற்கு முறை இருக்கிறது. முதலில் தள்ளிப் பார்ப்போம், சில நேரம் பூட்டியே இருக்காது. பிறகு புறங்கையைக் கதவருகே கொண்டுபோய்ச் சூடு பார்ப்போம். சூடாக இருந்தால், ஹோஸில் தண்ணீர் ஏறி ஆள் தயாராகும் வரை திறக்க மாட்டோம். அடைத்த அறையில் தீ காற்றில்லாமல் அடங்கிக் கிடக்கும். திடீரென்று திறந்தால் வாசலில் நிற்பவர் மேல்தான் பாயும். அப்படிக் காத்து நிற்பதைத்தான் "சும்மா நிக்கிறாங்க" என்கிறீர்கள்.

அதன் பிறகுதான் கடப்பாரை. பூட்டுக்குப் பக்கத்தில், கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒருவர் தட்டை முனையை வைத்துப் பிடிப்பார். அவர் "அடி" என்று சொன்னால் மட்டுமே சம்மட்டி இறங்கும். அவருடைய விரல்கள் அங்கே இருக்கின்றன. முனை ஆழமாக இறங்காமல் நெம்பினால் கடப்பாரை வழுக்கி ஆளையே அடிக்கும். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் வந்து கதவை எட்டி உதைத்தால் என்ன ஆகும்? உங்கள் கிரில் கேட்டுக்கு இதுவும் போதாது. அறுக்கும் மிஷின் வைத்தால் பொறி பறக்கும். உள்ளே கேஸ் கசிந்திருந்தால் அந்த மிஷினைத் தொடவே முடியாது. ஹைட்ராலிக் கட்டரை மாடிக்குத் தூக்கி வர வேண்டும். நீங்கள் கணக்குப் பார்க்கும் நிமிடங்கள் இப்படித்தான் போகின்றன.

2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் தீயை அணைக்கும்போது சிலிண்டர் வெடித்தது. எங்கள் வீரர் ஒருவர் இறந்தார். கூடி நின்ற பொதுமக்களும் கருகினார்கள். தள்ளி நில்லுங்கள் என்று நாங்கள் கத்துவது அதிகாரத்துக்காக என்று இனியும் நினைக்காதீர்கள்.

1997-ல் டெல்லி உபஹார் தியேட்டரில் 59 பேர் செத்தார்கள். பால்கனியில் இருந்தவர்களுக்கு வெளியேற வழி அடைபட்டிருந்தது. அது தியேட்டர், நம்முடையது வீடு என்று விட்டுவிடலாமா? படிக்கட்டில் புகை ஏறினால் மாடிவாசிகள் மேலேதான் ஓடுவார்கள். அந்த மொட்டை மாடிக் கதவில் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்திருப்பது உங்கள் சங்கத் தீர்மானம்.

அதை மாற்றுங்கள். மொட்டை மாடிக் கதவுக்கு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ் போதும். கிரில் கேட்டில் சங்கிலி வேண்டாம். வெல்டிங் வைத்த கம்பியில் ஒரு ஜன்னலிலாவது ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு வையுங்கள். வரும் சங்கக் கூட்டத்தில், பார்க்கிங் தகராறுக்கு முன்னால் இதைப் பேசி முடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசலில் கடப்பாரை பிடிப்பவன்