பழுதுபார்ப்பா, புதிய கட்டுமானமா? வீட்டு உரிமையாளர்கள் அனுமதி பெற வேண்டியது எப்போது?

புதுதில்லி: சொந்த மனையில், சொந்தப் பணத்தில் ஓர் அறையைக் கூடுதலாகக் கட்டுவதற்கு மாநகராட்சியிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும் என்பது வீட்டு உரிமையாளர்கள் பலர் எழுப்பும் கேள்வி. 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பின்னர், இக்கேள்வியை எளிதாகக் கடந்துசெல்ல இயலாது.

உத்தரப் பிரதேச மாநிலம் மீரட்டில், குடியிருப்புக்காக ஒதுக்கப்பட்ட மனையில் அனுமதியின்றிக் கடைகள் கட்டப்பட்டது தொடர்பான வழக்கு அது. கட்டடத்தின் நிறைவுச் சான்றிதழைப் பார்த்த பிறகே மின், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும்; அதைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் பேரில் வங்கிகள் கடன் அளிக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு உத்தரவிட்டது. ஆண்டுகள் பல கடந்துவிட்டன என்பதோ, அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கவில்லை என்பதோ விதிமீறலைச் சட்டபூர்வமாக்காது என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

அளவுகோல் எது?

நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. கட்டடங்களை ஒழுங்குபடுத்தும் பணியை அரசமைப்பின் 12-ஆவது அட்டவணை நகர உள்ளாட்சிகளுக்கு உரியதாகக் குறிப்பிடுகிறது. எனவே நாடு முழுமைக்குமான ஒரே விதி இல்லை. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட விதிகள் மாநிலங்களுக்கு வழிகாட்டி மட்டுமே.

தில்லியின் 2016-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, பூச்சு வேலை, வெள்ளையடித்தல், தரை பதித்தல், அதே உயரத்தில் கூரையைப் புதுப்பித்தல், சொந்த மனைக்குள் 75 செ.மீ. அகலம் வரை வெயில் தடுப்பு அமைத்தல், 1.5 மீட்டர் உயரம் வரை கைப்பிடிச்சுவர் எழுப்புதல் போன்றவற்றுக்கு அனுமதி தேவையில்லை.

செலவுத் தொகை இங்கு அளவுகோல் அன்று. பல லட்சம் ரூபாயில் பளிங்குத் தரை பதிக்க அனுமதி வேண்டாம். மொட்டை மாடியில் குறைந்த செலவில் ஓர் அறை எழுப்ப அனுமதி வேண்டும். கட்டடத்தின் உயரம், பரப்பு, எடை தாங்கும் அமைப்பு, பயன்பாடு ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் அது வெறும் பழுதுபார்ப்பு என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. வீட்டின் முன்னறையைக் கடையாக மாற்றுவதும் இதில் அடங்கும்.

நினைவுச் சின்னங்களுக்கு அருகில் கட்டுப்பாடு மேலும் கடுமையானது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை உள்ளது. பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் தனி அனுமதி தேவை. அடுத்த 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதியாகும்.

சுயசான்று: வேகமும் பொறுப்பும்

அனுமதிக்கான அலைச்சலைக் குறைக்க மாநிலங்கள் சுயசான்று முறைக்கு மாறி வருகின்றன. தில்லியில் 105 சதுர மீட்டர் வரையிலான குடியிருப்பு மனைகளுக்கு உறுதிமொழி அளித்தல், கட்டணம் செலுத்துதல் என நடைமுறை எளிதாக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியில் உடனடி அனுமதி வழங்கும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது.

எனினும், முன்பு அதிகாரி செய்த சரிபார்ப்பு இப்போது உரிமையாளரின் பொறுப்பாகியுள்ளது. தவறான விவரம் அளித்துப் பெற்ற அனுமதி ரத்து செய்யப்படலாம்.

இடிப்புக்கு முன் அவகாசம்

விதிமீறல் கண்டறியப்பட்டாலும் உடனே இடித்துவிட முடியாது. 2024 நவம்பர் 13-ஆம் தேதித் தீர்ப்பின்படி, குறைந்தது 15 நாள் அவகாசத்துடன் முன்னறிவிப்பு தர வேண்டும். உரிமையாளரின் விளக்கத்தை நேரில் கேட்க வேண்டும். இறுதி உத்தரவுக்குப் பின்னரும் 15 நாள் காத்திருக்க வேண்டும். சாலை, நடைபாதை, நீர்நிலை, ரயில் பாதையோரம் போன்ற பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளுக்கு இப்பாதுகாப்பு பொருந்தாது.

இவ்விரு தீர்ப்புகளும் சேர்ந்து உணர்த்துவது ஒன்றுண்டு. திடீர் இடிப்பு குறித்த அச்சம் குறைந்திருக்கலாம். ஆனால் அனுமதியற்ற பகுதியால் எழும் சிக்கல், வீட்டை விற்கும்போதோ அடமானம் வைக்கும்போதோ வெளிப்படும். அப்போது பாதிக்கப்படுபவர், அந்த அறையைக் கட்டியவராக இல்லாமல், வீட்டை நம்பி வாங்கியவராகவும் இருக்கக்கூடும். பத்திரத்தோடு, அனுமதிக்கப்பட்ட வரைபடத்தையும் கேட்டுப் பெற்று, நேரில் உள்ள கட்டடத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது வாங்குபவருக்கு இனி தவிர்க்க முடியாத கடமை.