உப்பளவு பார்க்கும் பெண்

குரங்கணி சாலையில், போடியில் ஒரு வீட்டுத் தொட்டியில் கட்டைவிரல் அளவுக் கடல் சாமந்தி என்ற கடல் உயிரி வளர்கிறது. வளர்ப்பவள் சுற்றுச்சூழல் அறிவியல் மாணவி. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அதனால் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டுமாம். தினமும் உப்பளவைப் பார்த்து நோட்டில் குறிக்கிறாள். சுற்றுச்சூழல் அறிவியல் படித்து என்ன வேலை என்பவர்கள் பக்கத்துப் பொட்டிப்புரத்தைப் பார்க்கட்டும். அங்கே திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நிறுத்திவைத்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பது ஒரு காரணம். மதிப்பீட்டு அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரமே இல்லை என்பது இன்னொன்று. முறையாக அளந்து எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் இங்கே பஞ்சம். பிள்ளைகள் இந்தப் படிப்பைக் கேட்டால் தடுக்காதீர்கள்.