இரண்டு சீட்டு, உடம்பு ஒன்று!

கண்ணில் விடும் சொட்டு மருந்து நெஞ்சுத் துடிப்பைக் குறைக்குமா? மனச்சோர்வுக்கு விழுங்கும் மாத்திரை கண்ணைப் பறிக்குமா? சிலருக்கு இரண்டும் நடக்கலாம். யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. தெரிந்துகொண்டால் தடுத்துவிடக் கூடிய ஆபத்து இது. உழைக்கும் ஜனங்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லாமல் இருப்பதுதான் அநியாயம்.

புவனகிரிப் பக்கம் நாற்று நடும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். வயது ஐம்பத்தைந்து. கடலூரில் கண்ணைக் காட்டினார். கண் அழுத்த நோய் என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். சில மாதம் கழித்துத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. சிதம்பரத்தில் வேறொரு டாக்டர் மாத்திரை எழுதினார். இரண்டு சீட்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. கண்ணில் விடுவதை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மாத்திரையைப் பற்றிச் சொல்ல வெட்கம்; கேட்டால் “நரம்பு மாத்திரை” என்பார். ஒரு நாள் வரப்பில் தலை சுற்றி விழுந்தார். “வெயில்” என்றார் மேஸ்திரி. “பித்தம்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நாடியைப் பிடித்துப் பார்த்தவர் யாருமில்லை.

இந்தத் தாய் நாம் சொல்லும் உதாரணம்தான். ஆனால் இதில் நடக்க முடியாதது எதுவும் இல்லை.

சொட்டு எங்கே போகிறது?

கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, வடிந்துகொண்டும் இருக்கிறது. வடிகால் அடைத்தால் பயிர் அழுகும் என்பதை வீராணம் பாசனத்தில் பாடுபடுகிறவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணிலும் அப்படித்தான். நீர் வடியாமல் அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது. இதற்குப் பெயர் கிளாக்கோமா. கண்புரையை ஆபரேஷன் செய்து பார்வையை மீட்கலாம். இதில் போன பார்வை போனதுதான். பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரப் பார்வையிலிருந்து தின்றுகொண்டு வரும். சென்னை கிளாக்கோமா ஆய்வின் கிராமப்புற முடிவுகள் 2005-ல் வெளிவந்தன. இந்நோயின் முக்கிய வகை கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்!

இதற்கு நல்ல மருந்து உண்டு. டிமோலால் என்ற சொட்டு 1970-களின் கடைசியிலிருந்து பயன்படுகிறது. விலை மலிவு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஆனால் கண்ணில் விட்ட சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. கண்ணின் மூக்கோர மூலையில் உள்ள சிறு துவாரம் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது. விழுங்கும் மாத்திரையைக் கல்லீரல் முதலில் மடக்கிப் பிடித்து ஒரு பங்கை அழித்துவிடும். சொட்டு மருந்துக்கு அந்தத் தடை இல்லை. ரத்தத்தில் கலந்த டிமோலால் நெஞ்சுத் துடிப்பை மெதுவாக்கும். இளைப்பு நோய் உள்ளவருக்கு மூச்சை இறுக்கும்.

போகப் போக அதைக் கரைத்து வெளியேற்றுவதும் கல்லீரல்தான். ஃப்ளூஆக்ஸெடின், பராக்ஸெடின் என்னும் மனச்சோர்வு மாத்திரைகள் கல்லீரலில் அந்த வேலையைச் செய்யும் நொதியை முடக்குகின்றன. இங்கேயும் வடிகால்தான் அடைபடுகிறது! டிமோலால் ரத்தத்தில் தேங்குகிறது, துடிப்பு மேலும் குறையலாம், தலை சுற்றலாம், மயக்கம் வரலாம். எல்லா மன மாத்திரையும் இப்படி அல்ல. உதாரணமாக, செர்ட்ரலின் வழக்கமான அளவில் இந்த வழியை அவ்வளவாக அடைப்பதில்லை. விஷயம் தெரிந்தால் டாக்டரால் மாற்றி எழுத முடியும்.

அடுத்தது அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய மாத்திரைகள். இவை கண்ணின் பாப்பாவை விரிக்கும். கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் பிறவியிலேயே குறுகியவர்களுக்கு இதனால் வடிகால் ஒரேயடியாக மூடிக்கொள்ளலாம். கண் சிவந்து, தலையே பிளக்கும் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் — இவை அடையாளங்கள். இதைப் பித்தம் என்று கஷாயம் குடித்துக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த மணியே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரிமோனிடின் என்ற இன்னொரு சொட்டு சிலருக்குத் தூக்கக் கலக்கம் தரும். தூக்கம் தரும் மாத்திரையும் சேர்ந்தால் கலக்கம் கூடும். ஆலையில் ஓடும் யந்திரத்தின் முன் நிற்பவருக்கு இது சின்ன விஷயமா?

வெட்கம் எதற்கு?

“மனச்சோர்வு வறுமையால் வருகிறது. வறுமையை ஒழித்தால் தீர்ந்தது. மாத்திரை எதற்கு?” என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். பாதி உண்மை. 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் — இந்த ஜில்லாவின் ஏழைகள் பட்டது கொஞ்சமா? பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்தவரும், முந்திரித் தோப்பு சாய்ந்து வேலை இழந்தவரும் மனம் ஒடியாமல் இருப்பார்களா? ஆனால் பட்டினியால் காசநோய் வருகிறது என்பதற்காகக் காசநோய்க்காரருக்கு மருந்து வேண்டாம் என்போமா? வறுமையை எதிர்த்து நிற்கவும் மனிதர் உயிரோடும் பார்வையோடும் இருக்க வேண்டும். சோர்வு நோயைக் கோழைத்தனம் என்று கேலி செய்வதால்தான் மாத்திரையை மறைக்கிறார்கள். மறைத்த மாத்திரையே ஆபத்தான மாத்திரை. இந்தத் தப்பில் நமக்கும் பங்கு உண்டு.

கேட்க வேண்டியது என்ன?

ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. வயலில் உழைப்பவருக்கு அதுவும் இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியே கதி. அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரியில் சர்க்கார் கட்டணமே வேண்டும் என்று 2020-21-ல் மாணவர்கள் போராடினார்கள். இன்று அது சர்க்கார் கல்லூரி. கண் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, இரண்டு சீட்டும் சந்திப்பதற்கு என்ன தடை? எனவே நாம் கோருகிறோம்:

1. ஒரு நோயாளிக்கு ஒரே மருந்துப் புத்தகம். கண் சொட்டும் மன மாத்திரையும் அதில் ஒரே பக்கத்தில் வர வேண்டும்.

2. மருந்து கொடுக்கும் ஜன்னலில் “வேறு என்ன மருந்து போடுகிறீர்கள்?” என்று கேட்க, அவசரமில்லாமல் பேச, போதிய மருந்தாளுநர்கள் வேண்டும்.

3. மருந்தின் பெயரும் எச்சரிக்கையும் படிக்கும்படி தமிழில், பெரிய எழுத்தில் வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாமும் சும்மா இருக்கலாகாது. வீட்டில் உள்ள மருந்து அத்தனையையும், சொட்டுக் குப்பி உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு டாக்டரின் மேஜையில் வையுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்திக்கொள்ளுங்கள். ரத்தத்தில் கலப்பது குறையும். இதற்குக் காசு வேண்டாம். முக்கியமாக, இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சொட்டை நிறுத்தினால் கண் போகும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் மனம் மறுபடி சரியும். நிறுத்துவதும் மாற்றுவதும் டாக்டர் வேலை. கேட்பது நம் வேலை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் ஏறாமல் போகலாம். எழுத்துத் தெரிந்த தோழர் எழுதப் படிக்கத் தெரியாத தாயோடு ஆஸ்பத்திரிக்குத் துணை போகட்டும், சங்கம் கேட்கட்டும். இரண்டு சீட்டும் ஒரு மேஜைக்கு வந்தே தீரும்.