எளிமை யாருக்கு? எலிப்பொறி யாருக்கு?



"சட்டங்களை எளிமையாக்குங்கள், இல்லையேல் உலகப் போட்டியில் தோற்றுவிடுவோம்!" பெரிய கம்பெனிகள் இன்று நாடு நாடாக எழுப்பும் கூக்குரல் இது. இதற்குச் செவிசாய்த்து, ஐரோப்பிய ஆணையம் 2025 நவம்பர் 19 அன்று தன் டிஜிட்டல் சட்டங்களைத் தளர்த்தும் திருத்தங்களை முன்வைத்தது. நம் நாட்டிலும் அதே பாட்டுதான். கேட்க இனிக்கிறது. ஆனால் எளிமை கேட்பவர் யார்? சுமை தூக்குபவர் யார்? சிந்திக்க வேண்டாமா?

திருமுடிவாக்கம் படும் பாடு

குன்றத்தூருக்கு அருகே திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டைக்குள் போய்ப் பாருங்கள். நாலைந்து லேத் மெஷின், பத்துப் பதினைந்து தொழிலாளர் என்று நடக்கும் பட்டறை முதலாளியிடம் "டிஜிட்டல் சட்டம் எது?" என்று கேளுங்கள். கூகுளையா சொல்வார்? ஜி.எஸ்.டி. போர்ட்டலைத்தான் சொல்வார்!

மின்னணு விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ், 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தொட்டது. யானைக்குத் தைத்த சட்டையை ஆட்டுக்குட்டிக்கு மாட்டினார்கள்.

அது கூடப் பரவாயில்லை. சரக்கு வாங்கி, வரியையும் சேர்த்துப் பணம் கொடுத்து, பில்லையும் கையில் வைத்திருக்கிறீர்கள். விற்றவர் தன் கணக்கைத் தாக்கல் செய்யவில்லை என்றால்? 2022 ஜனவரி முதல் அந்த வரிக்கழிவு உங்களுக்குக் கிடையாது. திருடியவன் ஒருவன், தண்டனை இன்னொருவனுக்கு. இது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. சரக்கை அனுப்பிப் பில் போட்டதும் வரிப் பொறுப்பு வந்துவிடுகிறது. மாதக் கணக்குக் கொடுப்பவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாங்கிய பெரிய கம்பெனி பணம் தந்ததா என்று எந்த கம்ப்யூட்டரும் கேட்பதில்லை. வராத பணத்துக்கு, வட்டிக்கு வாங்கி வரி கட்டுவதா?

நாம் கணக்குக்கு எதிரியா?

'முஸ்லிம் வியாபாரிகள் கணக்குக்குப் பயப்படுகிறார்கள்' என்று சிலர் கதை கட்டுவார்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது? கடனைச் சிறிதோ பெரிதோ எழுதிவைக்கக் கட்டளையிடும் 2:282 தான்! அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்க ஓர் அத்தியாயமே இறங்கியது. கணக்கை நாம் எதிர்க்கவில்லை. நேர்மையாகக் கணக்கு வைத்தவனைத் தண்டிக்கும் ஏற்பாட்டைத்தான் எதிர்க்கிறோம்.

அவர்கள் கேட்கும் எளிமை

பெரிய கம்பெனிகள் எதைத் தளர்த்தச் சொல்கின்றன? 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு வெளியானது. ராட்சதத் தளங்கள் தங்கள் சொந்தச் சரக்கை முன்னால் தள்ளக்கூடாது, தளத்தில் விற்கும் வியாபாரியின் விவரங்களை எடுத்து அவருக்கே எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்றது. சிறு வியாபாரிக்குக் கிடைத்திருக்க வேண்டிய கேடயம்! பெரிய கம்பெனிகள் எதிர்த்தன. 2025 முடிந்தும் அது சட்டமாகவில்லை. ஆண்ட்ராய்டு வழக்கில் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததே, அதற்குப் பிறகுமா கேடயம் வேண்டாம் என்கிறார்கள்?

அடுத்தது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023. தனியாருக்கு 250 கோடி வரை அபராதம் உண்டு. ஆனால் நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம்! பட்டியலின் ஆபத்து நமக்குப் புதிதா? 2002 குஜராத்தில் முஸ்லிம்களின் வீடு, கடை முகவரிகள் அடங்கிய கணினிப் பட்டியலோடு கும்பல்கள் வந்ததை மனித உரிமைக் கண்காணிப்பகம் அதே ஆண்டு ஏப்ரலில் உலகுக்குச் சொன்னது. தரவுப் பாதுகாப்பு பணக்கார நாட்டுச் சொகுசு அல்ல சகோதரர்களே! நமக்கு அது உயிர்ப் பிரச்சினை. 'எளிமை' என்ற பெயரில் இதையும் தளர்த்தினால் நாம் கைதட்ட முடியுமா?

நமது கோரிக்கை

வரி கட்டியதற்குப் பில்லும் வங்கி ஆதாரமும் காட்டுபவரின் வரிக்கழிவைப் பறிக்காதே! சிறு தொழிலுக்குப் பணம் வந்த பிறகே வரி வாங்கு! டிஜிட்டல் போட்டிச் சட்டத்தை நிறைவேற்று! தரவுச் சட்டத்தில் அரசுக்குள்ள விலக்கை நீக்கு! சுமையைக் குறைப்பது எளிமை. கேடயத்தைப் பிடுங்குவது எளிமை அல்ல, கொள்ளை.

கோரிக்கையோடு நின்றுவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும். தராவிட்டால் உத்யம் பதிவு உள்ளவர் இணையத்தில் புகார் செய்யலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. வெறுமனே வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த உரிமை தரப்படவில்லை. 2021இல் அவர்களையும் பதிவில் சேர்த்துவிட்டு, முன்னுரிமைக் கடனோடு நிறுத்திக்கொண்டார்கள். அதையும் கேட்டுப் பெறவேண்டும்.

பி.காம். படித்த இளைஞனே! தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர் ஜமாஅத்துகளில் மாதம் இரண்டு நாள் உட்கார். அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவ பட்டறைக்காரரையும் அழைத்துவந்து பதிவு செய்து கொடு. புகாரை எழுதிக் கொடு. பாதிக்கப்பட்டவன் எவனாயினும் அவன் பக்கம் நிற்பதே நம் மார்க்கம் கற்றுத்தந்த பாடம்.

அழுபவனுக்கு ஆறுதல் கிடைக்கலாம். அணிதிரள்பவனுக்கே உரிமை கிடைக்கும். அணிதிரள்வோம், இன்ஷா அல்லாஹ்!